தாள ஒளியும் தாள ஒலியும் மூளையின் இணைப்புகளை மாற்றுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அண்மைக் காலமாக, பெரியவர்களைப் பரிசோதனைக்குக் கூட்டிவரும் பிள்ளைகளும் மருமகள்களும் கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்று ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மினுக்கும் விளக்கும் துடிக்கும் ஓசையும் மறதி நோயைக் குணமாக்குமாமே, மூளையின் இணைப்புகளைப் பலப்படுத்துமாமே என்கிறார்கள். வாசலில் நின்று பதில் சொல்லி முடிக்கிற கேள்வியல்ல அது. அதனால் எழுதி வைக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் நரம்பியல் மருத்துவர்தான்.

தாள முறையில் புலன்களைத் தூண்டுவது என்றால் என்ன?

ஒளி, ஒலி, அதிர்வு, ஆட்டம் இவற்றில் ஏதோ ஒன்றைச் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுப்பது. நொடிக்கு எத்தனை முறை என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் சொல்கிறோம். நொடிக்கு 40 முறை மினுக்கினால் 40 ஹெர்ட்ஸ். நாலு நொடிக்கு ஒருமுறை போய்வரும் ஊஞ்சலின் வேகம் 0.25 ஹெர்ட்ஸ். மண்டை ஓட்டின் மேல் மின்சாரமோ காந்தமோ வைப்பது வேறு வகை. இங்கே கண், காது, தோல், உள்காது வழியாக மட்டுமே மூளைக்குள் போகிறோம்.

மூளை அந்தத் தாளத்தைப் பின்பற்றுவது உண்மையா?

உண்மை. வேலை நாள் தவறாமல் கண்ணால் பார்க்கிறேன். நோயாளியைப் படுக்கவைத்து, தலையில் பசை தடவி எலெக்ட்ரோடுகளை ஒட்டி, கண்ணை மூடச் சொல்வேன். சற்று நேரத்தில் பின்தலைப் பகுதியின் கோடுகளில் நொடிக்குப் பத்து அலை அளவில் ஆல்ஃபா அலை எழும். பிறகு முகத்துக்கு எதிரே ஓர் அடித் தொலைவில் ஸ்ட்ரோப் விளக்கை வைத்து மினுக்கவிடுவேன். விளக்கு நொடிக்கு எட்டு முறை மினுக்கினால் பலருக்குப் பின்தலைக் கோடுகள் எட்டாக மாறும். பன்னிரண்டுக்கு ஏற்றினால் பன்னிரண்டாகும். விளக்கு நின்ற உடனே பழைய அலை திரும்பிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் அலைகளைப் பற்றிய முதல் கட்டுரையை 1929இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் 1934இலேயே, மினுக்கும் ஒளிக்கு ஏற்ப அந்த அலைகளின் வேகம் மாறுவதைக் காட்டிவிட்டார்கள். ஒலிக்கும் இப்படித்தான். நொடிக்கு 40 முறை ஒலி கொடுத்தால் செவிப்புலப் பகுதியின் எதிர்வினை மிக வலுவாக இருக்கிறது என்பது 1981இல் ராபர்ட் கலாம்போஸ் குழு வெளியிட்ட முடிவு.

மூளையின் "வலைப்பின்னல் இணைப்பு" என்கிறார்களே, அது நரம்புக் கம்பிகளா?

பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு சொல்லைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நரம்பிழைகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடுவது கட்டமைப்பு சார்ந்த இணைப்பு. ஆராய்ச்சிச் செய்திகளில் நாம் படிப்பது பெரும்பாலும் செயல்பாட்டு இணைப்பு. இரண்டு பகுதிகளின் செயல்பாடு ஒரே நேரத்தில் கூடி ஒரே நேரத்தில் குறைந்தால், அவை இரண்டும் இணைந்திருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் பரத் பிஸ்வால் 1995இல் இதை முதலில் காட்டினார். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒருவர் கையைக் காலை அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும், இடப்பக்க இயக்கப் பகுதியும் வலப்பக்க இயக்கப் பகுதியும் சேர்ந்தே ஏறி இறங்கின. பிறகு 2001இல் மார்கஸ் ரெய்க்கிள், நாம் எதிலும் ஈடுபடாமல் நினைவுகளில் அலையும்போது மும்முரமாகும் பகுதிகளை அடையாளம் கண்டு ஒரு பெயரிட்டார். தமிழில் அதை இயல்புநிலை வலைப்பின்னல் என்று சொல்லலாம். மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமர் நோயில் முதலில் அடிவாங்கும் வலைப்பின்னல்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் இந்த ஆராய்ச்சியில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

ஓர் எச்சரிக்கை. எதிரெதிர் வீடுகளில் விளக்கு ஒரே நேரத்தில் அணைந்து ஒரே நேரத்தில் எரிந்தால், இரண்டு வீட்டாரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. தெருவுக்கு ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றாலும் அப்படித்தான் நடக்கும். வெளியிலிருந்து வரும் ஒரே தாளம் மூளையின் இரண்டு பகுதிகளையும் சேர்ந்து துடிக்கவைத்தால், கணக்கில் இணைப்பு கூடும். அந்தப் பகுதிகள் தங்களுக்குள் ஒரு சொல்கூடப் பேசியிருக்காது. தூண்டல் நடக்கும்போதே இணைப்பை அளந்த ஆய்வு என்றால் இந்தச் சந்தேகத்தை நான் முதலில் எழுப்புவேன். தூண்டல் இல்லாத நேரத்தில், சில வாரங்கள் கழித்து அளந்திருந்தால் அந்த முடிவுக்கு மதிப்பு அதிகம்.

வெளித் தாளம் எப்படி உள் இணைப்பை மாற்றும்?

நரம்பணுக்கள் எல்லா நேரமும் ஒரே அளவு விழிப்புடன் இருப்பதில்லை. அலையின் ஒரு கட்டத்தில் வரும் செய்தியை எளிதாக ஏற்கும். அடுத்த கட்டத்தில் ஏற்காது. இரண்டு பகுதிகளின் திறப்பு நேரம் ஒத்துப்போனால்தான் செய்தி நன்றாகப் போய்ச் சேரும் என்ற கருத்தை பாஸ்கல் ஃப்ரீஸ் 2005இல் விரிவாக முன்வைத்தார். அப்படியானால் வெளியிலிருந்து ஒரு தாளத்தைக் கொடுத்து இரண்டு இடங்களின் நேரத்தையும் ஒத்துப்போகவைக்கலாமே என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை நம்பிக்கை.

ஆனால் தாளம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஆற்றில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வதைப் போன்றது இது. கண்ணில் விழும் மினுக்கல், மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்ற பகுதி வழியாகப் பின்தலையின் பார்வைப் பகுதிக்குச் செழிப்பாகவே பாய்கிறது. அங்கிருந்து நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸுக்கும் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைக்கும் போவதற்குள் வலுக் குறைந்துவிடுகிறது. கடைமடைக்கு எவ்வளவு போகிறது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டையே.

40 ஹெர்ட்ஸுக்கு மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

கவனம், நினைவு போன்ற வேலைகளின்போது மூளையில் எழும் வேகமான அலைகளுக்குக் காமா என்று பெயர். 40 அந்த வரம்புக்குள் வருகிறது. அல்சைமர் நோயில் காமா அலைகள் குலைகின்றன.

பேச்சு பெரிதானது 2016 டிசம்பரில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லீ-ஹுவெய் சாய் குழு, அல்சைமர் போன்ற நிலை வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு 40 ஹெர்ட்ஸ் ஒளியை ஒரு மணி நேரம் காட்டியது. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தின் அளவு பார்வைப் பகுதியில் வெகுவாகக் குறைந்தது. மூளையின் துப்புரவு அணுக்களான மைக்ரோக்ளியாக்களின் வடிவமும் வேலையும் மாறின. 2019இல் இரண்டு ஆய்வுகள் தொடர்ந்தன. ஒன்றில் ஒளிக்குப் பதில் ஒலி: நாளுக்கு ஒரு மணி நேரம், ஏழு நாட்கள். செவிப்புலப் பகுதியோடு ஹிப்போகாம்பஸிலும் அமிலாய்டு குறைந்தது. ஒளியையும் ஒலியையும் சேர்த்துக் கொடுத்தபோது விளைவு முன்மூளை வரை எட்டியது. இன்னொன்றின் முதல் ஆசிரியர் சின்னக்கருப்பன் அடைக்கன். பல வாரங்கள் ஒளி காட்டிய எலிகளில் பார்வைப் பகுதி, ஹிப்போகாம்பஸ், முன்மூளை ஆகியவற்றுக்கு இடையே காமா அலைகளின் ஒத்திசைவு கூடியதையும், நரம்பணுக்கள் அழிவது குறைந்ததையும் அந்த ஆய்வு சொன்னது. வலைப்பின்னலைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

2024இல் அதே எம்.ஐ.டி. குழு இன்னொரு விளக்கம் தந்தது. ஒளி, ஒலித் தூண்டலின்போது மூளைத் தமனிகளின் துடிப்பு கூடி, மூளையைக் கழுவும் திரவத்தின் ஓட்டம் அதிகமாகி, அமிலாய்டு வெளியேறுகிறது என்றார்கள். இது சரியாக இருந்தால் அலை ஒத்திசைவைவிடக் குழாய் ஓட்டம்தான் முக்கியமாகிவிடும்.

மனிதர்களிடம் பரிசோதித்தார்களா?

பரிசோதித்திருக்கிறார்கள், சிறிய அளவில். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் அல்சைமரின் தொடக்க நிலையில் இருந்த 10 பேர், வீட்டிலேயே நாளுக்கு ஒரு மணி நேரம் ஒளியும் ஒலியும் பெற்றார்கள். சிலர் நாலு வாரம், சிலர் எட்டு வாரம். எட்டு வாரத்துக்குப் பின் இயல்புநிலை வலைப்பின்னலின் இரண்டு முக்கிய பகுதிகளுக்கு இடையே செயல்பாட்டு இணைப்பு கூடியிருந்தது.

எம்.ஐ.டி. குழு 2022இல் வெளியிட்டதில், லேசான அல்சைமர் உள்ள 15 பேர் மூன்று மாதம் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு 40 ஹெர்ட்ஸ். மறு பிரிவுக்கு மினுக்காத ஒளியும் இரைச்சலும். 40 ஹெர்ட்ஸ் பெற்றவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்குவது குறைவாக இருந்தது, இயல்புநிலை வலைப்பின்னலின் இணைப்பு மேம்பட்டது, முகத்தையும் பெயரையும் சேர்த்து நினைவில் வைக்கும் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது.

பத்துப் பேர், பதினைந்து பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒருவருக்கு நன்றாகத் தூங்கிய வாரம் அமைந்தாலே சராசரி நகர்ந்துவிடும். 600 பேருக்கும் மேல் சேர்த்துக்கொண்ட பெரிய சோதனை ஒன்றை ஒரு நிறுவனம் நடத்துகிறது. இந்த மாதிரி அளவில் வரும் விடையைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். எங்கள் அறைக்கு வரும் குடும்பங்களின் ஏக்கத்தைப் பார்த்தவள் என்பதால், அது நல்ல விடையாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

மறுத்தவர்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். அவர்களையும் அதே மரியாதையோடு படிக்க வேண்டும். நியூயார்க்கில் யோர்ஜி புசாக்கி குழு 2023இல் எலிகளிடம் அதே சோதனையைத் திரும்பச் செய்தது. அமிலாய்டு நம்பத்தக்க அளவில் குறையவில்லை. மின்முனைகளை மூளைக்குள்ளேயே வைத்துப் பார்த்தபோது, பார்வைப் பகுதியில் ஒளிக்கு எதிர்வினை இருந்தது; ஹிப்போகாம்பஸில் அது பலவீனமாக இருந்தது. அதாவது கடைமடையில் ஈரம் மட்டும்தான்.

பிரிட்டனில் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 2021இல் வேறொரு கோணத்தில் கேட்டார்கள். மூளைக்குச் சொந்தமான காமா அலையும் மினுக்கலால் எழும் அலையும் ஒன்றா? மனிதர்களிடம் அளந்ததில் இரண்டும் ஒரே இடத்தில் தனித்தனியாக இருந்தன. ஒன்று மற்றொன்றைத் தன் பக்கம் இழுக்கவில்லை. எங்கள் ஸ்ட்ரோப் விளக்கு நின்றதும் பழைய அலை திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். பதில் கொடுப்பது ஒன்று, பழக்கத்தை மாற்றிக்கொள்வது வேறொன்று.

இணைப்பு கூடினால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. வலிப்பு என்பதே நரம்பணுக்கள் அளவுக்கு மீறி ஒன்றாகத் துடிப்பதுதான். பார்க்கின்சன் நோயில் இயக்கத்துக்கான பகுதிகள் பீட்டா என்ற அலையில் மிதமிஞ்சி ஒத்துப்போவதால் உடல் இறுகுகிறது. எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும், எந்த அலையில், எந்த வேலைக்காக என்று சொல்லாமல் "இணைப்பு 20 சதவீதம் கூடும்" என்று விளம்பரம் செய்தால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

யூடியூபில் 40 ஹெர்ட்ஸ் வீடியோ இருக்கிறதே, அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். 40 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு மினுக்கலுக்கும் 25 மில்லிநொடி. ஆய்வுகளில் 12.5 மில்லிநொடி ஒளி, 12.5 மில்லிநொடி இருள். வீட்டு டிவிகள் பலவும் போன்கள் பலவும் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கின்றன. ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. 25 மில்லிநொடி என்பது ஒன்றரைப் படம். திரையால் அரைப் படம் காட்ட முடியாது. ஆகவே வரும் மினுக்கல் ஒருமுறை குட்டையாகவும் ஒருமுறை நீளமாகவும் தடுமாறும். எந்தத் தாளத்தை நம்பி வீடியோ பார்க்கிறீர்களோ அந்தத் தாளமே அதில் இல்லை.

ஒலியும் அப்படியே. எலிகளிடம் பயன்படுத்தியது தாழ்ந்த ரீங்காரமல்ல. 10,000 ஹெர்ட்ஸ் கொண்ட, ஒரு மில்லிநொடி நீளமுள்ள கீச்சொலியை நொடிக்கு 40 முறை கொடுத்தார்கள். வீடியோக்களில் பல வெறும் 40 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைப் போடுகின்றன. அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் போனின் சிறிய ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது.

மினுக்கும் விளக்கால் ஆபத்து உண்டா?

உண்டு. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு ஏறக்குறைய நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது; குழந்தைகளிலும் இளவயதினரிலும் அதிகம். நொடிக்கு 15 முதல் 25 முறை வரையான மினுக்கல் மிகவும் ஆபத்து. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மினுக்கிய ஒரு காட்சியால் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மேலே சொன்ன தடுமாறும் திரையில் 40க்குக் குறைவான வேகங்களும் கலந்து வருகின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். எங்கள் அறையில் மினுக்கல் சோதனையின்போது என் கை விளக்கை நிறுத்தும் பொத்தானை விட்டு அகலாது. வீட்டில் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

இரண்டு காதுக்கும் வேறு வேறு ஒலி கொடுக்கும் "பைனாரல் பீட்"?

ஒரு காதில் 400 ஹெர்ட்ஸ், மறு காதில் 410 ஹெர்ட்ஸ் என்று கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தலைக்குள் ஓர் அதிர்வாகக் கேட்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே டோவே என்ற ஜெர்மானியர் கண்ட விந்தை இது. 2020இல் வந்த ஓர் ஆய்வு, இதைவிடச் சாதாரணமாகக் காற்றிலேயே அதிரும் ஒலிதான் மூளை அலையை வலுவாகப் பிடிக்கிறது என்றும், மனநிலையை இரண்டுமே மாற்றவில்லை என்றும் காட்டியது. கேட்க இதமாக இருந்தால் கேளுங்கள்.

நாள்பட்ட உடல்வலிக்கு அதிர்வு நாற்காலி?

கனடாவின் டொரண்டோவில், உடல் முழுக்க நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 19 பெண்களுக்கு 40 ஹெர்ட்ஸ் ஒலி அதிர்வை வாரம் இருமுறை, 23 நிமிடம், ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வலியும் தூக்கமும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லை. அதனால் இதைத் தொடக்கம் என்று மட்டுமே சொல்வேன்.

தூளியில் ஆட்டினால் குழந்தை தூங்குகிறதே, அதுவும் இதுதானா?

ஆம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். ஜெனீவாவில் 2011இல் 12 ஆண்களை, நாலு நொடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் கட்டிலில் பகலில் 45 நிமிடம் தூங்கவைத்தார்கள். அசையாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். தாலமஸுக்கும் மூளையின் மேலடுக்கான புறணிக்கும் இடையிலான உரையாடலில் பிறக்கும் தூக்கக் கதிர்கள் என்னும் அலைத்தொகுப்பு அதிகமானது. 2019இல் இரவு முழுக்க ஆட்டிப் பார்த்தபோது ஆழ்ந்த தூக்கம் கூடியது. முந்தைய நாள் மாலை படித்த சொற்களும் காலையில் நன்றாக நினைவிலிருந்தன. உள்காதில் சமநிலை உணரும் உறுப்பு வேலை செய்யாத எலிகளுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, தாளம் உள்காது வழியாகத்தான் நுழைகிறது.

தூக்கத்தில் ஒலிக்கும் இடமுண்டு. ஜெர்மனியின் டியூபிங்கனில் 2013இல், 11 பேரின் ஆழ்தூக்க அலை மேலெழும் கணத்தைக் கணினி கவனித்து, அதே கணத்தில் ஒரு சின்ன இரைச்சலைக் கொடுத்தது. அலைகள் வலுத்தன, சொல் நினைவும் கூடியது. நேரம் தவறிக் கொடுத்தபோது பலனில்லை. இங்கே வெளித் தாளம் மூளைக்கு ஆணையிடவில்லை. மூளையின் தாளத்தைக் கேட்டு அதற்கு ஒத்துப் போடுகிறது.

இன்றைக்கே பயன்படக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, பார்க்கின்சன் நோயாளிகளின் நடையில். மைக்கேல் தாட் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், தாளத்தை எடுப்பாகச் சேர்த்த இசைக்கு ஏற்ப மூன்று வாரம் வீட்டில் நடந்து பழகிய நோயாளிகளின் நடைவேகம் சுமார் 25 சதவீதம் கூடியது. இதற்குப் பின்னால் ஒரு வலைப்பின்னல் காரணமும் தெரிகிறது. ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007இல் காட்டியபடி, உடலை அசைக்காமல் தாளத்தைக் கேட்டாலே அடிமூளை முடிச்சுகளில் ஒன்றான புட்டமென் என்ற பகுதியும், இயக்கத்தைத் திட்டமிடும் புறணிப் பகுதியும் விழித்துக்கொள்கின்றன. பார்க்கின்சனில் "இப்போது அடி எடு" என்று உள்ளிருந்து சொல்லும் குரல் தேய்கிறது. வெளியிலிருந்து வரும் தாளம் அந்தக் குரலுக்குப் பதிலாகக் காது வழியாக வந்து சேர்கிறது.

என் மாமனாருக்கு இந்த நோய். அடுப்படி வாசற்படிக்கு முன்னால் கால் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடுவார். முன்னே சாய்வார், குதிகால் மட்டும் துடிக்கும், பாதம் எழாது. கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் மோசமாகும். இயன்முறை மருத்துவர் சொன்னபடி, முதலில் அவர் தடையில்லாமல் நடக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணினோம், 88 வந்தது. போனில் சீராகத் தட்டும் மெட்ரோனோம் செயலியை அதே 88இல் வைத்து ஒரு வாரம் முற்றத்தில் நடந்தார். பிறகு 92, பிறகு 96. மாதம் முடிவதற்குள் போன் இல்லாமலே சமாளிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது வாசற்படிக்கு முன் கால் நின்றதும் நான் கதவு நிலையில் விரலால் தட்டுகிறேன், "ஒன்று, இரண்டு, மூன்று". நாலாவது தட்டுக்கு அவரது வலது கால் படியைத் தாண்டிவிடுகிறது.